கம்பி பாடுகிறதா, பெருக்கி பாடுகிறதா?



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிபாளையத்தில் என் வீட்டுக்குப் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தான். விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பையன். அவன் கையில் ஒரு மரப்பலகை இருந்தது. பலகையின் இரு முனைகளிலும் ஆணி அடித்து, ஒரே ஓர் எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தான். கம்பிக்கு அடியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள். அதன் இரு முனைகளும் பாட்டரியில் இயங்கும் ஒரு சிறிய ஆம்பிளிபயரில் இணைக்கப்பட்டிருந்தன. மின்சாரக் கிட்டார் ஒன்றைத் தானே செய்துவிட வேண்டும் என்பது அவன் ஆசை.

"சார், கம்பியைத் தட்டினா சத்தம் வருதுங்க. ஆனா தட்டாம இருந்தாலும் 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சல் வந்துட்டே இருக்குதுங்க. கம்பிச் சத்தமே கேக்க மாட்டேங்குது. காசு வீணாப் போச்சுன்னு அப்பா சொல்றாருங்க. தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேனுங்க" என்றான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கரண்டு போன நேரத்துல இதை வாசிச்சுப் பாத்தியா, தம்பி?"

அவன் சற்று யோசித்தான். முகம் மாறியது. "போன வாரம் கரண்டு போனப்ப வாசிச்சேனுங்க. அப்ப மட்டும் இரைச்சல் இல்லீங்க சார்!"

"அப்படீன்னா உன் கருவி கெட்டுப் போகலை. நீ நினைக்கறதை விட நல்லா வேலை செய்யுது" என்றேன்.

அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது? அதைப் பின்னால் பார்ப்போம். அதற்கு முன் இன்னும் அடிப்படையான வினா ஒன்று உண்டு. கம்பிக் கருவிக்கு மின்சாரம் எதற்கு? கூட்டத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்பதற்காக மட்டுமா?

கம்பியின் வரவு செலவு

தனியாக நிற்கும் கம்பி ஏறத்தாழ ஊமை எனலாம். அது மிக மெல்லியது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, காற்றைப் பெரிய அளவில் தள்ளாது. ஆகவேதான் வீணைக்குக் குடமும், கிட்டாருக்கும் மாண்டலினுக்கும் மரப்பெட்டியும் தேவைப்படுகின்றன. கம்பியின் அதிர்வு குதிரையின் வழியாகப் பெட்டியின் மேற்பலகைக்குச் செல்கிறது. அகன்ற அந்தப் பலகை காற்றைத் தள்ளுகிறது. நமக்குக் கேட்கிறது.

ஆனால் இதில் ஒரு கணக்கு உண்டு. விரலால் ஒரு முறை மீட்டும்போது கம்பிக்கு நாம் தருவது குறிப்பிட்ட அளவு ஆற்றல் மட்டுமே. ஒரு தொட்டியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது போல. தொட்டியின் துளை பெரிதாக இருந்தால் தண்ணீர் வேகமாகக் கொட்டும், சீக்கிரம் தீர்ந்துவிடும். துளை சிறிதானால் நெடுநேரம் ஒழுகும், ஆனால் மெதுவாகத்தான் வரும். கம்பியும் அப்படியே. ஆற்றலைப் பெட்டி விரைவாக வாங்கிக்கொண்டால் ஒலி உரத்துக் கேட்கும், உடனே ஓய்ந்துவிடும். மெதுவாக வாங்கினால் ஒலி நீடிக்கும், ஆனால் மெல்லியதாக இருக்கும். ஒரே மீட்டலில் உரத்தும் ஒலிக்கவேண்டும், நீண்டும் ஒலிக்கவேண்டும் என்று கேட்டால் ஆற்றல் அழியாமை விதி இடம் தராது.

மேல்நாட்டு மாண்டலினின் நிலை இதுதான். சிறிய, இலேசான பெட்டி. நான்கு இணைகளாக எட்டுக் கம்பிகள். மீட்டியவுடன் 'டிங்' என்று ஒலித்து அடங்கிவிடும். இக்குறையை மறைக்க அந்நாட்டுக் கலைஞர்கள் மீட்டுகோலை மேலும் கீழும் விடாமல் வேகமாக ஆட்டி, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவார்கள்.

கருநாடக இசைக்கு அது போதாது. இங்கே உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி நிலைத்திருக்கும்போதே சுரத்தை அசைக்கவேண்டும், வளைக்கவேண்டும், அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்லவேண்டும். ஒலியே அடங்கிவிட்டால் எதை அசைப்பது?

ஒரு சிறுவனின் விடை

இந்த வினாவுக்கு விடை கண்டவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். ஆந்திரத்தில் பாலக்கொல்லு என்னும் ஊரில் 1969இல் பிறந்தவர். ஆறு வயதில் தந்தையின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், சிறுவன் அதைக் கேட்டுக் கம்பியில் கொண்டுவருவான். 1978இல் குடிவாடாவில் முதற்கச்சேரி. 1981இல் சென்னை மேடை. மேல்நாட்டு மாண்டலினில் கமகம் வருமா என்று ஐயப்பட்டவர்களை அந்தப் பன்னிரண்டு வயதுக் கைகள் வாயடைக்கச் செய்தன. 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2014இல் சென்னையில் மறைந்தார்.

அவர் கருவியில் செய்துகொண்ட மாற்றங்களை இயற்பியல் கண்கொண்டு பாருங்கள்.

முதலாவது, இணைக் கம்பிகளுக்குப் பதிலாக ஒற்றைக் கம்பிகள். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் அதன் இழுவிசை கூடுகிறது, சுரம் உயர்கிறது. அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். சுரத்தை அரைச் சுரம் உயர்த்த அதிர்வெண் சுமார் 6 விழுக்காடு கூடவேண்டும். அதற்கு இழுவிசை சுமார் 12 விழுக்காடு கூடவேண்டும். ஒரு முழுச்சுரத்துக்கு 26 விழுக்காடு. இரண்டு கம்பிகளை ஒரே விரலால் இழுக்கும்போது இரண்டிலும் இழுவிசை மிகச் சரியாக ஒரே அளவு கூடுமா? கூடாது. ஒன்று 440 ஹெர்ட்சிலும் மற்றது 443 ஹெர்ட்சிலும் ஒலித்தால் நொடிக்கு மூன்று விம்மல்கள் எழும். கமகம் கலங்கிவிடும். ஒற்றைக் கம்பியில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, ஐந்தாவதாக ஒரு கம்பி. இதனால் கருவியின் சுர எல்லை விரிந்தது.

மூன்றாவதுதான் நம் கட்டுரைக்கு முக்கியமானது: மின்சார மாண்டலின். அதன் உடல் உள்ளீடற்ற பெட்டி அன்று, கெட்டியான மரம். கெட்டி மரம் கம்பியின் ஆற்றலை எளிதில் வாங்காது. தொட்டியின் துளை அடைபட்டதற்குச் சமம். கம்பி நெடுநேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அருகில் இருப்பவருக்குக்கூட அது சரியாகக் கேட்காது. கேட்கச் செய்யும் பொறுப்பு பெருக்கியிடம் போகிறது. ஒலிபெருக்கியில் வரும் ஆற்றல் கம்பியிலிருந்து வருவதன்று, மின்சாரத்திலிருந்து வருகிறது. கம்பி 'எப்படி' என்று சொல்கிறது. மின்சாரம் 'எவ்வளவு' என்பதைக் கொடுக்கிறது. உரப்பும் நீட்சியும் ஒருங்கே கிடைத்துவிட்டன. ஆற்றல் அழியாமை விதி மீறப்படவில்லை. செலவுக்கு வேறொரு கணக்கு திறக்கப்பட்டது, அவ்வளவே.

காந்தம் கேட்கும் காது

கம்பியின் அசைவு மின்சாரமாவது எப்படி? 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை. கம்பிக்கு அடியிலுள்ள காந்தம் எஃகுக் கம்பியையும் சிறிது காந்தமாக்குகிறது. கம்பி அசையும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். கம்பி நொடிக்கு 200 முறை அதிர்ந்தால் மின்னழுத்தமும் நொடிக்கு 200 முறை ஏறி இறங்கும். இவ்வாறு கிடைப்பது பொதுவாகச் சில நூறு மில்லிவோல்ட் அளவுதான். இந்த முறையில் அமைந்த கிட்டாரை 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கினார். ரிக்கன்பாக்கர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

சுருளை எங்கே வைக்கிறோம் என்பதும் ஒலியை மாற்றும். கம்பி முழு நீளத்தில் அதிரும்போதே இரு பாதிகளாகவும், மூன்று பகுதிகளாகவும் சேர்ந்தே அதிர்கிறது. இவற்றால் எழுபவை மேற்சுரங்கள். இரு பாதிகளாக அதிரும்போது கம்பியின் நட்டநடுப் புள்ளி அசையாது, அது கணு. அங்கே சுருளை வைத்தால் இரண்டாம் சுரம் அதன் காதில் விழாது. குதிரைக்கு அருகில் வைத்தால் மேற்சுரங்கள் ஒப்பளவில் மிகுந்து, ஒலி கூர்மையாகும். ஒரே கம்பிதான், கேட்கும் இடம் மாறினால் குரல் மாறுகிறது.

இனி நம் மாணவனின் இரைச்சலுக்கு வருவோம். அவன் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. மோட்டார்களிலும் மின்கம்பிகளிலும் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முழுச் சுழற்சிகளாகத் திசை மாறுகிறது. அதைச் சுற்றி எழும் காந்தப்புலமும் அவ்வாறே மாறுகிறது. சுருளுக்குக் கம்பியின் பாயமும் ஒன்றுதான், மோட்டாரின் பாயமும் ஒன்றுதான், இரண்டையும் மின்னழுத்தமாக்கிவிடுகிறது. தறியின் 'தடதட' ஓசை அதன் காதில் விழுவதில்லை. மோட்டாரின் 50 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும்தான் விழுகின்றன. மின்சாரம் நின்றதும் இரைச்சல் நின்றதற்குக் காரணம் இதுவே.

இதற்கு மருந்து உண்டு. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் வகுத்த முறை அது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள்கள். இரண்டாவதை எதிர்த்திசையில் சுற்றவேண்டும். அதன் காந்தத்தையும் தலைகீழாக வைக்கவேண்டும். எதிராகச் சுற்றியதால் இசை, இரைச்சல் இரண்டின் குறியும் மாறும். காந்தத்தைத் திருப்பியதால் இசையின் குறி மட்டும் மறுபடி மாறும். ஏனெனில் இரைச்சல் இந்தக் காந்தத்திலிருந்து வருவதன்று. ஆகவே முதற்சுருள் தருவது 'இசை கூட்டல் இரைச்சல்'. இரண்டாம் சுருள் தருவது 'இசை கழித்தல் இரைச்சல்'. இரண்டையும் கூட்டுங்கள். இரைச்சல் மறைந்து, இசை இருமடங்காகிறது அல்லவா?

இதைத் தாளில் வரைந்து காட்டினேன். மாணவன் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு போனான்.

நல்ல சத்தமா, கெட்ட சத்தமா?

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தான். இரைச்சல் ஏறத்தாழ இல்லை. கம்பி தெளிவாகப் பாடியது. பிறகு அவன் ஆம்பிளிபயரின் குமிழை முழுவதும் திருப்பினான். கம்பி கரகரத்தது, ஆனால் நெடுநேரம் தளராமல் ஒலித்தது. "இது சினிமாப் பாட்டுல வர்ற கிட்டார் மாதிரியே இருக்குதுங்க. இது நல்ல சத்தமுங்களா, கெட்ட சத்தமுங்களா?" என்று கேட்டான்.

மிக நல்ல கேள்வி. விடைக்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு பெருக்கி, வருவதை 1000 மடங்காக்குகிறது என்க. அதன் மின்வழங்கி 5 வோல்ட்டுக்கு மேல் தரமுடியாது. அப்படியானால் 5 மில்லிவோல்ட் வரைதான் அது உண்மை பேசும். மீட்டியவுடன் சுருள் 50 மில்லிவோல்ட் தருகிறது. வெளியே 50 வோல்ட் வரவேண்டும், வரமுடியாது. அலையின் முகடும் அகடும் 5 வோல்ட்டில் வெட்டுண்டு தட்டையாகின்றன.

இதனால் இரண்டு விளைவுகள். கம்பியின் அதிர்வு நொடிக்குப் பாதியாகக் குறைகிறது என்று கொள்ளுங்கள். 50, 25, 12.5, 6.25 என மூன்று நொடிகளுக்கு மேல் ஆகியும் அது 5க்குக் கீழே இறங்கவில்லை. அதுவரை வெளியே வரும் ஒலி 5 வோல்ட்டிலேயே நிற்கிறது! கம்பி களைத்துவிட்டது, ஒலி களைக்கவில்லை. இரண்டாவது விளைவு, தட்டையான அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. இரு பக்கமும் சமமாக வெட்டுண்டால் 3, 5, 7 ஆகிய ஒற்றைப்படை மடங்குகள். சமமின்றி வெட்டுண்டால் இரட்டைப்படை மடங்குகளும் சேரும். வால்வுப் பெருக்கிகள் பொதுவாக அலையின் முனையை மழுங்க வெட்டும். டிரான்சிஸ்டர் பெருக்கிகள் கூர்மையாக வெட்டும். குரலில் வேற்றுமை தெரிவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வானொலிப் பொறிஞன் இதைக் குறை என்பான். திரிபு என்று பெயரிடுவான். ஆனால் ராக் இசைக் கலைஞர்கள் இதையே தேடி அலைந்தார்கள். வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திய அமெரிக்கர் லியோ பெண்டரின் பெருக்கி ஒன்றை முன்மாதிரியாக வைத்து, லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் தம் முதல் பெருக்கியை உருவாக்கினார். பின்னர் வந்த 100 வாட் மார்ஷல் பெருக்கிகளை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முழு வேகத்தில் இயக்கினார். ஒலிபெருக்கியின் ஒலியே திரும்பி வந்து கம்பியை அசைக்கும்படி அவர் நின்றுகொள்வார். உங்கள் பள்ளி ஆண்டு விழாவில் மைக் ஊளையிடுவது போன்ற பின்னூட்டம்தான் இதுவும். செலவான ஆற்றல் கம்பிக்கே திரும்ப வந்துவிடுவதால் சுரம் ஓய்வதே இல்லை. 1964இல் 'கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சவரத் தகட்டால் கிழித்தே தமக்கு வேண்டிய கரகரப்பைப் பெற்றார்.

உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியவர் 'குவீன்' குழுவின் பிரையன் மே. 1963இல், பள்ளி மாணவராக இருக்கும்போது, தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் சட்ட மரமும் மோட்டார் சைக்கிள் வால்வு சுருள்வில்லும் அதில் சேர்ந்தன. மீட்டுவதற்கு நாணயம். அவருடைய குழுவைச் சேர்ந்த ஜான் டீக்கன், குப்பையில் கிடந்த மின்சுற்றுப் பலகை ஒன்றை எடுத்து, பாட்டரியில் இயங்கும் சிறு பெருக்கியாக்கினார். அது தந்த குரல் மே வாசித்த பல பதிவுகளில் இடம்பெற்றது. மே இயற்பியல் படித்தவர். 2007இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார்.

ஸ்ரீநிவாஸ் நாடியதோ நேர் எதிரானது. வெட்டுண்ட அலையில் மெல்ல மீட்டியதும் வன்மையாக மீட்டியதும் ஒரே அளவாகிவிடும். நுண்ணிய ஏற்ற இறக்கம் மறைந்துவிடும். அவர் வாசிப்பில் நாம் கேட்பது தெளிந்த ஒலி. அவருக்கு வேண்டிய நீட்சியைக் கெட்டி மரமே கொடுத்துவிட்டது. 1970களில் மகாவிஷ்ணு இசைக்குழுவில் உரத்த மின்சாரக் கிட்டார் வாசித்த ஜான் மக்லாப்லின், 'சக்தி' குழுவுக்காக மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிட்டாரை எடுத்தார். வீணையின் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் கம்பியை இழுக்க முடிகிறது. அதே வசதியைக் கிட்டாரில் பெறும் வழி அது. பிற்காலத்தில் அவரும் ஸ்ரீநிவாசும் ஒரே மேடையில் வாசித்தனர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் பொறியியல் படித்த கிட்டார் பிரசன்னாவோ, கருநாடக இசையையும் ஹெண்ட்ரிக்ஸின் கரகரப்பையும் இணைத்து 2006இல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார்.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: "கச்சேரிக்கு மைக் செட் வெச்சா இது கெட்ட சத்தம். நீ வேணும்னு தேர்ந்தெடுத்தா இது உன் சத்தம். எந்தக் குறையை நீக்கறது, எந்தக் குறையை வெச்சுக்கறதுன்னு முடிவு பண்றதுதான் தம்பி, ஒருத்தருக்குன்னு ஒரு குரல்." மோட்டார் இரைச்சலை அவன் நீக்கினான். கரகரப்பை வைத்துக்கொண்டான். இரண்டையும் காரணம் தெரிந்தே செய்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு ரப்பர் வளையத்தைக் கனமான மரக்கட்டையின்மேல் மாட்டி, இரு முனைகளிலும் பென்சில் துண்டுகளைச் செருகி உயர்த்துங்கள். அதே போன்ற மற்றொரு வளையத்தைத் திறந்த தகர டப்பாவின் வாய்க்குக் குறுக்கே, ஏறத்தாழ அதே அளவு இழுத்து மாட்டுங்கள். இரண்டையும் ஒரே அளவு இழுத்து விடுங்கள். எது உரத்து ஒலிக்கிறது? எது நெடுநேரம் அதிர்கிறது? கடிகாரம் பார்த்து, பத்து முறை அளந்து, சராசரி காணுங்கள். ரப்பர் தானே சிறிது ஆற்றலை விழுங்கிவிடும். கிடைத்தால் எஃகுக் கம்பியைக் கொண்டு செய்யுங்கள், வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய வால்வுப் பெருக்கியை ஒருபோதும் திறக்காதீர்கள். அதன் மின்தேக்கிகளில், இணைப்பைப் பிடுங்கிய பின்னும் பல நூறு வோல்ட் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. சோதனைகளைப் பாட்டரியில் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று உங்கள் காதுகளைப் பற்றியது. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஒலியை நாள்தோறும் எட்டு மணி நேரம் கேட்டால் செவிப்புலன் மெல்லக் கெடும். உரத்த மேடைகளில் வாசித்த 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தம் காதுகள் கெட்டுப்போனதைத் தாமே வெளிப்படையாகச் சொன்னவர். தறிப்பட்டறை வேலைக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டில் தறி ஓட்டுபவர் இருந்தால், காதில் செவியடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெருக்கி பழுதானால் மாற்றிவிடலாம். காதின் உள்ளே இருக்கும் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

அந்த மாணவன் இன்று மின்னணுவியல் படிக்கிறான். அவனுடைய மரப்பலகை இன்னும் அவன் வீட்டில் இருக்கிறது. காசு வீணாயிற்று என்று சொன்ன தந்தை, விருந்தாளிகள் வந்தால் அதைத் தாமே எடுத்துக் காட்டுகிறாராம்.